செவலையின் கழனித்தொட்டி

அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் ஒருநாள் ஊறினால் ஒரு புளிப்பு வாடை வரும். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கல்தொட்டியில் அந்த வாடை வருஷம் முழுக்க இருந்தது. பாத்திரம் அலம்பிய முதல் தண்ணீரைக்கூட அம்மா சாக்கடையில் விடமாட்டாள். எல்லாம் "கழனித்தண்ணி", எல்லாம் எங்கள் செவலைப் பசுவுக்கு. செவலையின் சாணம் ஆற்றங்கரையில் இருந்த அரைக்காணி வயலுக்கு, வயலின் நெல் மறுபடி அம்மாவின் பானைக்கு. இப்படிச் சுற்றிவந்ததில் எதுவும் வீணாகி நான் பார்த்ததில்லை.

இந்தச் சுற்றில் சேராதது அப்பாவின் வேலை ஒன்றுதான். பீங்கான் சூளையில் நிலக்கரி அள்ளிப் போடுவார். கொடியில் காயும் வேட்டியில் கரி படிகிறது என்று அம்மா முணுமுணுத்தால், "மேல போற பொகை மேலயே போயிடும், வுடு" என்பார். துவைப்பவர் அவரில்லையே, சொல்வது சுலபம்!

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா முதல்முதலாக யூரியா வாங்கிவந்து வயலில் தூவினார். எங்கள் தெருவில் அதற்கும் "உப்பு" என்றே பெயர். காலிச் சாக்கை மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா கழுவினாள். அடியில் கட்டிதட்டிக் கிடந்ததெல்லாம் கரைந்தது. கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டி அவள் கைக்குப் பழக்கமில்லை. "அதுவும் உப்புதான, மாட்டுக்கு ருசியா இருக்கும்" என்று தொட்டியில் ஊற்றினாள்.

செவலை ஆசையாகக் குடித்தது. சற்று நேரத்தில் வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, கால் பின்னிச் சாய்ந்தது. மாட்டு டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொட்டியையும் சாக்கையும் பார்த்தவர், "மண்ணுக்குப் போடறத மாடு குடிச்சா தாங்காதும்மா" என்று மட்டும் சொன்னார். "என் கையாலயே ஊத்தினேனே" என்று அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான வாங்கியாந்தேன், நீ என்னா பண்ணுவ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அப்பாவை எனக்குப் பிடிக்கும்.

அந்த அறுவடையில் நெல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிள்ளைகள் எல்லோரும் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டோம். ஊற்றிக்கொள்ள மோர்தான் இல்லை. வயிறு நிறைந்த ஞாபகம் இருப்பதால் யூரியாவை ஏச எனக்கு இன்றும் வாய் வராது. சாணம் இல்லாத குறைக்கும் சேர்த்து அப்பா அடுத்த போகத்துக்குக் கூடுதலாக வாங்கினார். வேறு பசு வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. அம்மா மட்டும் அதன்பின் எந்தத் தண்ணீரையும் நாக்கில் தொட்டுப் பார்க்காமல் தொட்டியில் ஊற்றியதில்லை.

சூளைப் புகை எங்கும் போய்விடவில்லை, வானத்திலேயே தங்கி வெயிலைக் கூட்டுகிறது என்றும், வயலுக்குப் போட்டதில் பயிர் தின்ற மிச்சம் கிணற்றிலும் காற்றிலும் கலந்தது என்றும் இப்போது படிக்கிறேன். அப்பா இல்லை, இருந்தால் அவரிடம் சண்டைபோட எனக்கு மனசு வந்திருக்காது.

இன்று பால் பாக்கெட்டில் வருகிறது. என்னோடு மாடிவீட்டில் இருக்கும் அம்மா, அரிசி களைந்ததும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். "நல்லாத்தான் இருக்குது" என்கிறாள். பிறகு அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் பாத்திரத்தைப் பிடித்தபடி நிற்கிறாள்.