பழவேற்காட்டிலிருந்து வந்த மிஸ்டு கால்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு என்று நினைவு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்பு செய்யும் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நிர்வாகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டீ கப் வாங்குவதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் மாட்டுவது வரை, மற்றவர்கள் செய்ய விரும்பாத எல்லாமே என் தலையில்தான் விழும்.

அந்த வருடம் புது மெஷின் ஒன்று வாங்கினார்கள். அதை வைக்க இடம் இல்லை. லாரிகளை ஏற்பாடு செய்து சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவின் அறையை இடித்தால்தான் மெஷின் உள்ளே போகும் என்ற நிலைமை. அந்தப் பிரிவில் ஐந்து பேர். அவர்களுக்கு வேறு அறை கட்டுவதற்குப் பதிலாக மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு லேப்டாப், இன்டர்நெட்டுக்கு ஒரு டேட்டா கார்டு, ஒரு செல்போன், கரண்ட் போனால் சமாளிக்க ஒரு யுபிஎஸ். வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும், மாதக் கூட்டத்துக்கு மட்டும் வந்தால் போதும் என்றார். இன்றைக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அன்றைக்கு எங்கள் ஆபீசில் அதை ஏதோ ஃபாரின் சமாச்சாரம் போலப் பேசினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் இல்லை, ஏனென்றால் ஐந்து வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுக்க வேண்டியவள் நான்.

ஆர்.கே.பேட்டைக்காரர் வீட்டில் சிக்னல் கிடைக்கவே இல்லை. கடைசியில் டேட்டா கார்டை நீள ஒயரில் கட்டி ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் தொங்கவிட்டோம். மணவாள நகரில் நான் பெட்டியோடு இறங்கியதைப் பார்த்து, லோன் வசூலுக்கு ஆள் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியாகப் போனது பழவேற்காடு.

அங்கே இருந்தவரை நாங்கள் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் கருவாடு மொத்த வியாபாரம் செய்த குடும்பம். இவர் மட்டும் வியாபாரம் ஒத்துவரவில்லை என்று கம்பெனிக்கு வந்துவிட்டார். அவருடைய முதலே அவர் குரல்தான். ஃபோனில் டிரைவரை ஒரு சத்தம் போட்டார் என்றால் எடைமேடை வரைக்கும் கேட்கும். ஆந்திர எல்லையில் தடா என்ற ஊரில் படுத்துத் தூங்கும் டிரைவரை இங்கிருந்தே எழுப்பிவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். திட்டுவார், உடனே சிரிப்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார். அவர் பேசினால் லாரி வந்துவிடும். கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான்.

அவர் வீட்டு மாடி அறையில், ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் சிக்னல் நன்றாக இருந்தது. வேலை முடிந்ததும் அவர் மனைவி இடியாப்பமும் இறால் குழம்பும் போட்டார்கள். அதிகம் பேசாதவர். வாசலில் ஆண் குரல் கேட்டால் உள்ளே போய்விடும் பழக்கம் அவருக்கு. புது செல்போன் மணி அடித்தபோது தொடாமல் எட்டி நின்று கணவரைக் கூப்பிட்டார். அதைப் பார்த்து பாய் சிரித்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

வருகைப் பதிவுக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலை ஒன்பது மணிக்கு ஐந்து பேரும் என் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நான் எடுக்க மாட்டேன், எடுத்தால் காசு போய்விடும். மணி அடித்து நின்றால் ஆள் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். மேனேஜர் என்னைப் பாராட்டினார். மிஸ்டு காலிலேயே பாதிக் குடும்பம் நடத்தும் ஊரில் இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை.

முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு பாய், சென்னையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சேர்ந்தாற்போல லீவு போட்டார். திரும்பி வந்த பிறகு ஆள் மாறிவிட்டார். ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. சற்று நேரம் கழித்து ஒரு மெயில் வரும், கேட்டதற்கு மட்டும் பதில் இருக்கும். மாதக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஒரு முறை கால் சுளுக்கு, இன்னொரு முறை வீட்டுக்கு விருந்தாளிகள் என்று ஏதாவது ஒரு காரணம் எழுதுவார். ஆனால் வேலையில் ஒரு குறை கிடையாது. லாரிகள் சொன்ன நேரத்துக்கு வந்தன. காலை ஒன்பதுக்கு மிஸ்டு காலும் தவறாமல் வந்தது. லேப்டாப் வந்ததும் பாய்க்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று மற்ற நால்வரும் முணுமுணுத்தார்கள். வேலை நடக்கிறதா, அது போதும் என்றார் மேனேஜர்.

ஒருநாள் அவருடைய டேட்டா கார்டு வேலை செய்யவில்லை என்று மெயில் வந்தது. பக்கத்து இன்டர்நெட் கடையிலிருந்து அனுப்பியிருந்தார். கூரியரில் அனுப்பினால் போதும், நேரில் வர வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அன்றைக்குப் பொன்னேரி வரை எனக்கு வேறு வேலை இருந்தது. அங்கிருந்து பழவேற்காடு பஸ் ஏறிவிட்டேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்த இறால் குழம்பை விடுவானேன் என்ற எண்ணமும் இருந்ததை மறைக்கவில்லை.

கீழே அவருடைய மகள் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் கவனிக்காமல் படியேறிவிட்டேன். பாதிப் படியிலேயே பேச்சுக் குரல் கேட்டது. பெண் குரல்.

"நீ கவரப்பேட்டையாண்டயே வண்டிய ஓரம் கட்டுண்ணே. கேட்டுல இன்னும் நாலு வண்டி நிக்குதாம், இப்ப வந்து இன்னா பண்ணப் போற? சாப்ட்டு வா."

அறையில் பாயின் மனைவி ஆபீஸ் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பாய். ஆள் பாதியாகிவிட்டார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மடியில் மகளுடைய சிலேட்டு. அவர் அதில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்து மனைவி பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாய் எழுந்து நின்றார், வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்று மட்டும் வந்தது.

தொண்டையில் புற்றுநோய். கல்யாணம் என்று சொல்லி லீவு போட்ட நாட்களில் சென்னை அரசு மருத்துவமனையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கொண்டுபோன டேட்டா கார்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாய் சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினார். ஆபீசில் சொல்லாதே தங்கச்சி என்று இருந்தது. அவர் மனைவிதான் விளக்கினார்.

"போன்ல பேசறதுக்குதாம்மா இவருக்கு சம்பளம். பேச்சே பூட்ச்சுன்னா யாரு வெச்சிக்குவாங்க? மருந்துக்கும் அதான், ஊட்டுக்கும் அதான். அதான் நான் பேசிக்கினு இருக்கேன்."

ஆண் குரல் கேட்டால் உள்ளே ஓடியவர் எப்படி இதைப் பழகினீர்கள் அக்கா என்று கேட்டேன். முதல் நாள் மணி அடித்ததும் ஃபோனைக் கீழே போட்டுவிட்டாராம். பாய் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாராம். இப்போது சூலூர்பேட்டைக்கும் நாயுடுபேட்டைக்கும் நடுவில் எந்த தாபாவில் எந்த டிரைவர் சாப்பிடுவார் என்பது வரைக்கும் தெரியும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்துபோனது. பாய் அதைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். முன்பு இடிபோலச் சிரித்தவர். சத்தமில்லாத அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை, குனிந்து ஒயரை மாட்டினேன்.

ஆபீசில் நான் யாரிடமும் சொல்லவில்லை. டேட்டா கார்டு மாற்றியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்பது மணியாகும்போது ஃபோனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். மிஸ்டு கால் வந்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடுவேன். யாராவது பாயைப் பற்றித் தலைக்கனம் என்று பேசினால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலை அந்த எண்ணிலிருந்து மணி அடித்தது, நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"அவுரு பூட்டாரும்மா," என்றார் அவர் மனைவி.

ஆபீசில் அன்றைக்குத்தான் நான் சொல்லி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. முணுமுணுத்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொல்லியிருக்கலாமே, நாம் என்ன விட்டுவிடுவோமா என்று மேனேஜர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த அம்மாவே அந்த வேலையைத் தொடர்ந்து பார்க்கட்டுமே சார், இத்தனை மாதம் பார்த்தது அவர்தானே என்று நான் கேட்டுப் பார்த்தேன். என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார். எட்டாவது என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாரம், பொன்னேரியிலிருந்து ஒரு பட்டதாரிப் பையனைப் போட்டாகிவிட்டது, பழவேற்காட்டில் இருக்கும் பொருட்களை வாங்கி வந்து அவனுக்குக் கொடு என்றார். மாட்டியவள்தானே கழற்ற வேண்டும்.

அந்த அம்மா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் முறை அது. நான் பெண் என்பதால் உள்ளே போக முடிந்தது. வேலை பற்றி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். சரிம்மா என்றார். லேப்டாப்பைத் துடைத்து, ஒயர்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வைத்திருந்தார். செல்போன் அணைந்து கிடந்தது. பாய் இறந்த மறுநாளிலிருந்து அதை யாரும் தொடவில்லையாம். வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால் சார்ஜ் போட்டு ஆன் செய்தேன். சற்று நேரத்தில் மணி அடித்தது.

அந்த அம்மா ஃபோனையே பார்த்தார். எடுக்கவில்லை. இத்தா முடியும்வரை வெளி ஆணுடன் பேசக் கூடாது. எடுத்துப் பேசும்மா என்று எனக்குக் கையைக் காட்டினார். எடுத்தேன். எதிரில் லாரி எஞ்சின் சத்தம். ஆந்திரப் பக்கத்து டிரைவர். நான் ஹலோ என்றதும், என்னை அந்த அம்மா என்றே நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இன்னாக்கா, ஒரு வாரமா போன் போவவே இல்ல? நான் ஒரிசா லோடு பூட்டேன். பாய்க்கு கஞ்சி எறங்குச்சா? நேத்தாவது தூங்கினாரா?"

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பெரிய குரல் அவருக்கும் கேட்டுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எல்லாருக்கும் தெரியும்மா. மொதோ நாளே அயுதுக்கினே சொல்லிட்டேன். ஆபீஸ்ல மூச்சு உட மாட்டோம்னு அவங்களேதான் சொன்னாங்க. டெய்லி கேட்டுட்டுதான் லோடு பத்தி பேசுவாங்க."

அந்த டிரைவர்கள் தினம் எங்கள் கேட்டில்தான் நிற்பார்கள். எங்கள் கேன்டீனில்தான் டீ குடிப்பார்கள். பாய் எப்படி இருக்கிறார் என்று எங்களில் யாராவது பேச்சுக்குக் கேட்டிருந்தால்கூட, நல்லா இருக்காரு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. எதிரில் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் அண்ணா, பாய் தவறிவிட்டார் என்றேன். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் எஞ்சினையும் அணைத்துவிட்டார்.

லேப்டாப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அழுதேன். தூரத்தில் இருப்பவரோடு வேலை பார்க்கத் தேவையான எல்லாவற்றையும் நாங்கள் அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தோம், அவருக்குக் கஞ்சி இறங்கியதா என்று கேட்டது மட்டும் அந்த அம்மா முகம்கூடப் பார்த்திராத லாரிக்காரர்கள். இன்றைக்கும் தூரத்திலிருந்து யார் வேலை விஷயமாகப் பேசினாலும், உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு, அவர்கள் குரலைக் கேட்கும்வரை வேறு எதையும் என்னால் பேச முடிவதில்லை.