இல்லாத இனிப்பு நீர்

செல்வராணி ஜோகூர் மாநிலத்து ஸ்கூடாயில் ஒரு முதியோர் இல்லத்தில் பல காலம் வேலை பார்த்தவள். எழ முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் புண் கழுவுவதும் அவளுக்குக் கைவந்த வேலை. அப்படிப்பட்டவள், சொந்த அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை இரண்டு வருடம் நம்பினாள்.

அண்ணன் சதாசிவம் காஹாங்கில் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். மனைவி தவறிப்போன பிறகு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். மருந்துக்கு மட்டும் பஸ் ஏறிப் பழைய ஊர்ப் பக்கமிருந்த குளுவாங் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவார். என்ன நோய் என்று கேட்டால், சர்க்கரை வியாதிதான், இனிப்பு நீர் என்பார். அவள் கோப்பியில் சீனியை நிறுத்தினாள், சோற்றைப் பாதியாக்கினாள், பாகற்காய்ச் சாறு பிழிந்து கொடுத்தாள். முகத்தைச் சுளித்துக் குடித்தாரே தவிர, உண்மையைச் சொல்லவில்லை.

ஆள் இளைத்தார். சோறு இறங்கவில்லை. மலம் தார் போலக் கறுத்தது. வீடிருந்த தாமான் குடியிருப்பின் கிளினிக்குக்கு அவள் திரும்பத் திரும்ப இழுத்துப் போனாள். இரத்தமெல்லாம் ஆஸ்பத்திரியில் பார்த்தாகிவிட்டது என்று அண்ணன் முந்திக்கொள்வார். இனிப்பு நீர்க்காரர் இளைப்பது சகஜம், மற்றது கேஸ்ட்ரிக் என்று டாக்டர் அதே வெள்ளை மருந்தைக் கொடுத்தனுப்புவார்.

ஒருநாள் தலை சுற்றிச் சோபாவில் சாய்ந்தார். பக்கத்து வீட்டு ஷாமளாவிடம் சீனி பார்க்கும் மிஷினை வாங்கி வந்து விரலைக் குத்தினாள்.

“அண்ணே, சீனி சரியாத்தான் இருக்கு. நீங்க என்ன மருந்து சாப்பிடுறீங்க?”

சதாசிவம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எச்ஐவி. மருந்து கவுண்டரில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த பிறகு, வாங்கப் போவதையும் விட்டிருந்தார். மருந்து நாளன்று பஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாராம்.

அவளுக்கு எரிச்சல் வந்தது நோயால் அல்ல. இல்லத்தில் எல்லா நோயையும் பார்த்தவள்.

“பசிச்ச வயித்துக்குச் சோத்தக் கொறச்சிருக்கேன். பாத்துக்கிட்டே இருந்தீங்களே.”

மறுநாள் ஜோகூர் பாருவில் ஆஸ்பத்திரி. வேறு என்ன நோய் என்று மலாய் டாக்டர் கேட்க, பழக்க தோஷத்தில் அவர் வாயில் வந்தது மறுபடியும் “கென்சிங் மானிஸ்” என்ற அதே இனிப்பு நீர்தான். செல்வராணி பல்லைக் கடித்தாள். அவர் நோயை அவரே சொல்ல வேண்டும். இல்லத்தில் அவள் படித்த முறை அது. சொல்லாவிட்டால் இன்னொரு வெள்ளைப் போத்தலோடுதான் வீடு திரும்ப வேண்டும்.

“அண்ணே, ஃபிரிட்ஜ்ல இன்னும் ஒரு போத்தல் பாகக்கா சாறு இருக்கு லா.”

சதாசிவம் தங்கையைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பி உள்ளதைச் சொன்னார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். மேலண்ணத்தில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. உடனே கேமரா குழாயை வாய் வழியாகவும் கீழ்வழியாகவும் விடச் சொன்னார். இரைப்பையிலும் குடலிலும் அதே ஊதாக் கட்டிகள். கிள்ளி எடுத்த சதையின் பரிசோதனை முடிவு பிறகு வந்தது: கப்போசி, எதிர்ப்பு சக்தி விழுந்தால் வரும் புற்றுநோய். எச்ஐவி மருந்தை விடாமல் சாப்பிட்டு, கீமோவும் ஏற்றினால் அடக்க வாய்ப்பு உண்டு, முன்னமே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அதுகூடவா எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள் செல்வராணி.

டாக்டர் அறையிலிருந்து வந்து, ஆஸ்பத்திரி கேண்டீனில் சதாசிவம் வழக்கம்போல் சீனியில்லாத கோப்பி கேட்டார்.

“சீனி போடச் சொல்லுங்க,” என்றாள். அவள் கோபம் இன்னும் தணிந்தபாடில்லை.