மலை இறங்கிவிட்டால் பயமில்லையாம்

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்கு மன்னிக்கவும். கேட்க வேறு ஆள் தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் நாகப்பட்டினத்தில் வேலையில் சேர வேண்டும். முதல் வேலை. என்னைக் கொண்டுபோய் விட அப்பாவும் அம்மாவும் ஜீப்பில் வருகிறார்கள். அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. ஸ்வெட்டர்கூட எடுத்து வைத்துவிட்டார்.

அங்கே கனமழை எச்சரிக்கை. நாங்கள் ஏற்காட்டுக்காரர்கள். இன்று எங்களைக் கூட்டிப்போகும் ஜீப் டிரைவர் அண்ணனிடம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"இருபது வளைவு எறங்கற வரைக்குந்தான் கண்ணு பயம். அப்பறம் மேடே இல்லியே, மண்ணு எங்கிருந்து சரியும்?"

"மண்ணு சரியாதுங்கண்ணா. தண்ணி ரோட்டுலயே நிக்குமுங்க."

"நிக்கற தண்ணி நம்மள என்ன பண்ணும்? ஓடற தண்ணிக்குத்தான் பயப்படோணும்."

அப்பாவும் தலையாட்டினார். "நொம்பப் படிச்சுட்டா இல்லீங்க, அதான் நொம்பப் பயம்" என்று அவரிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் சாலைகளில் மழைநீர் நிற்பதில்லை. ஓடிவிடும். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஞாயிறு விடியலில் கிளம்புகிறோம். திருவாரூர், நாகை பக்கம் இருப்பவர்கள் யாராவது சனிக்கிழமை மாலை உங்கள் சாலையைப் படம் எடுத்துப் போடுவீர்களா?

யாராவது தண்ணீரில் நிற்கிற மாதிரி இருந்தால் நல்லது. முழங்காலைப் பார்த்தால்தான் அப்பா நம்புவார்.