கதவருகே நின்றவர்

கொரோனா காலத்தில் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது, எங்கள் வார்டுக்கு ஒரு பயிற்சி மருத்துவர் வருவார். திண்டிவனத்துப் பெண் என்றார்கள். கவச உடைக்குள் கண்கள் மட்டும்தான் தெரியும். கண்ணாடிக் கதவில் கை வைத்துக் கொஞ்சநேரம் நின்ற பிறகே உள்ளே நுழைவார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏம்மா, தினமும் அங்க நின்னுக்கினு என்ன பண்றீங்க?"

"பயந்துக்கினே வந்தா ஊசி போடுறப்ப கை நடுங்குதுங்க. அதான் பயத்த வெளியவே முடிச்சிட்டு வர்றேன்."

அவர் போட்ட ஊசி எனக்கு வலித்ததே இல்லை.

ஒரு காலையில் வேறொரு பயிற்சி மருத்துவர் கதவருகே நிற்காமல் நேராக உள்ளே வந்தார்.

"அந்தப் பொண்ணு எங்கங்க?" என்றேன்.

"அவங்களுக்கும் கொரோனா வந்துடுச்சுங்க. கையை நீட்டுங்க" என்றார். ஊசியைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது.

நான் கையை நீட்டினேன்.