சத்தம் நின்றுபோன காட்சி

பேய்ப்படம் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை நான் சுலபத்தில் நம்புவதில்லை. பயமே இல்லை என்கிறவர்களை அதைவிடக் குறைவாகத்தான் நம்புவேன். என் வேலை அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்கிறேன். தம்பிக்கும் சம்மதம்தான் என்று எதிரில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும்போதே, அந்தத் தம்பி வந்திருக்கிறாரா என்று என் கண் வாசலுக்குப் போய்விடும். பார்த்துப் பார்த்து, வீட்டில் உப்பு டப்பா இடம் மாறியிருந்தால்கூட யார் வந்தது என்று கேட்கிறவளாகிவிட்டேன்.

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒரே பொழுதுபோக்கு பேய்ப்படம் பார்ப்பது. புதுப்படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு ராஜபாளையம் போய்விடுவோம். பக்கத்து வீட்டு நர்ஸும் எங்களோடு வருவாள். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். என்னைவிடப் பத்து வயது இளையவள்; என்னை அக்கா என்பாள், அவரை அண்ணன் என்பாள். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, அதே சேலையோடு பேய்ப்படத்துக்கு வந்து நிற்பாள்.

திரையில் ரத்தம் கொட்டும்போது அவளுக்குக் கொட்டாவிதான் வரும். "இம்புட்டு ரத்தம் போனா இவன் எப்பவோ மயங்கிருக்கணும்க்கா" என்று என் காதில் சொல்வாள். ஆனால் ஒரு படத்தில், ஆளில்லாத அறையிலிருந்து அழைப்புமணி அடித்ததும் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இடைவேளையில் விசாரித்தேன். அவளுடைய வார்டில் ஒரு நாள், காலையில் நோயாளி இறந்துபோன கட்டிலிலிருந்து மத்தியானம் நர்ஸைக் கூப்பிடும் மணி அடித்ததாம். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டிலைத் துடைக்க வந்த ஆயாம்மா தெரியாமல் சுவிட்சில் கை வைத்திருக்கிறார்.

"காரணம் தெரிஞ்ச பொறவும் பயம் போகலக்கா. இன்னைக்கும் அந்த ரூமுல மணி அடிச்சா மொதல்ல வயித்துக்குள்ளதான் அடிக்கும்" என்றாள்.

எனக்குப் பேயும் பொருட்டில்லை, ரத்தமும் பொருட்டில்லை. வீட்டில் இருக்கிற ஆள் கொஞ்சம் மாறிப்போகிற படம்தான் என்னைத் தூங்கவிடாது. ஒரு படத்தில் கணவன் சாப்பிட உட்கார்ந்து, வழக்கமில்லாமல் இடது கையால் சோற்றைப் பிசைவான். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றுவாள். அவ்வளவுதான் காட்சி. தியேட்டரில் ஒருத்தர்கூட அசையவில்லை. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துப்போனது.

என் கணவர் எதற்கும் பயப்பட மாட்டார், சிரிப்பார். "பூராவும் சத்தம்தான் ஏட்டி. கண்ணை மூடாத, காதைப் பொத்திப் பாரு, ஒரு பயமும் இருக்காது" என்பார். எந்த இடத்தில் பேய் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். "இப்ப சத்தம் கொறையுதா, எண்ணிக்கோ, அஞ்சு எண்ணுறதுக்குள்ள ஒண்ணு வந்து விழும்." நான் எண்ணுவேன், விழும். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மழைக்கால ஞாயிறு. நர்ஸுக்கு அன்று டியூட்டி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் போயிருந்தோம். படத்தில் ஒருத்தி பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நடந்து போகிறாள். அந்த இடத்தில் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். இசை இல்லை, காலடி இல்லை, மழைச் சத்தம்கூட இல்லை. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் எண்ணச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவர் கை வந்து என் கையைப் பிடித்தது. நனைந்த துணி மாதிரி இருந்தது. திரும்பினால், அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைக்கூட இல்லை, வாயை.

அப்போதுதான் திரையில் கதவு வெடித்த மாதிரி திறந்து பேரிடியாகச் சத்தம் வந்தது. எல்லோரும் அலறினார்கள். அவர் அலறவில்லை. தோள் இரண்டும் தளர, நல்ல செய்தி கேட்ட ஆள் போல மூச்சு விட்டார். உடனே எழுந்து வெளியே போனவர், படம் முடியும்வரை வரவில்லை.

"என்னாச்சு?" என்று வண்டி நிறுத்தத்தில் கேட்டேன்.

"உள்ள ஒரே வெக்க" என்றார்.

நான் முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏசி தியேட்டர் அது.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் எல்லாமே தப்பாகத் தெரிந்தது. போன் வந்தால் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டார், செத்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் பதில் வரும். எழுதுவதென்றாலே சலித்துக்கொள்ளும் மனிதர் அவர். நான் அடுப்படியிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் இருக்காது. எதிரில் வந்து நின்று கேட்டால், நான் என்னத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று அளக்கிறவர் போல என் முகத்தையே பார்ப்பார். கேள்வி ஒன்றாகவும் பதில் வேறாகவும் இருக்கும். மனசு வேறெங்கோ இருக்கிற ஆள்தான் இப்படிப் பதில் சொல்வான் என்று முடிவு கட்டினேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "போன்ல யாரு?"

"மில்லுல இருந்து."

"மில்லுன்னா அதுக்கு எதுக்கு மாடிக்குப் போகணும்?"

"இங்க சரியா எடுக்கல" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சிக்னல் எங்கள் வீட்டில் எல்லா மூலையிலும் நன்றாகவே எடுக்கும்.

அந்த வாரமே இன்னொன்றைப் பார்த்தேன். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்து வருகிறேன், அவரும் நர்ஸும் ஒரு ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, "பஸ் ஸ்டாண்டுல யாரையும் பாத்தியா?" என்று சாதாரணமாகக் கேட்டு வைத்தேன்.

"இல்லியேக்கா" என்றாள், தம்ளரைப் பார்த்துக்கொண்டே.

என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே என்னிடம் பொய் சொல்கிறாள்.

மூன்றாவது நாள், அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய போனில் செய்தி வந்து விழுந்தது. அவள்தான். "நாளைக்கு மூணு மணி. லேட் பண்ணாதீங்க அண்ணன்." அந்த அண்ணனையும் நான் நம்பவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். அவருக்கு இரண்டு மணியோடு ஷிப்ட் முடியும். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பழக்கடையில், கொய்யாப்பழம் பொறுக்குகிற சாக்கில் நின்றேன். என்ன கேட்பது, எந்தக் குரலில் கேட்பது என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். மூன்றுக்குச் சற்று முன்னால் அவர் வந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் வாசலுக்கு வந்து கூட்டிப்போனாள். நான் பழத்தை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

வராந்தாவின் கடைசி அறை, கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கண்ணாடி வைத்த சின்னக் கூண்டு மாதிரி ஒன்று. அதற்குள் அவர் உட்கார்ந்திருந்தார், காதில் பெரிய ஹெட்போன். வெளியே ஒரு இளம்பெண் கருவியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். சுவரில் எழுதி ஒட்டியிருந்தது: சத்தம் கேட்டால் கையைத் தூக்கவும்.

அவர் கை முழங்காலில் இருந்தது. அந்தப் பெண் திருகினாள். கை எழவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். எழவில்லை. அவர் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. சத்தம் அனுப்பினாளா இல்லையா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்கப் பார்க்கிறார். திடீரென்று கையைத் தூக்கினார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் கையை இறக்கிவிட்டு, தப்பாக விடை சொல்லி மாட்டிக்கொண்ட பையன் மாதிரிச் சிரித்தார்.

என்னை முதலில் பார்த்தது நர்ஸ்தான். "அக்கா, நீங்க எப்ப வந்தீய?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. நான் எதற்கு வந்தேன் என்று புரிந்துவிட்டது. வார்டுப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

அவர் வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு ஏதோ கேட்டேன். அவர் என் மோவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்க பாத்துப் பேசு. வாயப் பாத்தாத்தான் வெளங்குது" என்றார்.

நூற்பாலைக்குள் மிஷின் இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. வாயசைவைப் பார்த்தும் கைஜாடையிலும்தான் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். இருபத்தாறு வருடப் பழக்கம். அதை வைத்துத்தான் வீட்டிலும் சமாளித்திருக்கிறார்.

"ரெண்டு வருசமாவே கொறஞ்சுக்கிட்டு வருது. முன்னெல்லாம் நடந்து போகும்போதே எந்த மிஷினு சரியில்லன்னு சத்தத்துல சொல்லிருவேன். இப்ப பசங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது. எத்தன நாளைக்கு அவங்களும் தெரியாத மாதிரி இருப்பாங்க? போன்ல ஸ்பீக்கரப் போட்டாத்தான் கேக்கும். அதான் மாடிக்குப் போனேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஒண்ண விடமாட்ட. கேள்வி மேல கேள்வி கேப்ப. நீ கேக்குறது எங்காதுல விழலன்னா, ஏன் விழலன்னு அதையும் கேப்ப."

அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்குப் படத்துல திடீர்னு சத்தம் நின்னுச்சுல்ல. போயிருச்சுன்னு நெனச்சேன், அம்புட்டும் போயிருச்சுன்னு. உன் வாயப் பாத்தேன். இருட்டுல ஒண்ணும் தெரியல. நீ பேசுதியா, சும்மா இருக்கியான்னே தெரியல."

"அந்த இடத்துல எல்லாருக்குமே சத்தம் இல்லங்க. படமே அப்படித்தான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பக்கத்துப் பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன செவித்திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினார்கள். மில்லில் சொல்லியே ஆகவேண்டும் என்று நான் நின்றேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். வேலையை விட்டு எடுக்கவில்லை, நூல் குடோனுக்கு மாற்றினார்கள். மேற்பார்வையாளர் என்ற பேர் போனதில் அவருக்கு வருத்தம்தான். குடோனில் முதல் நாள் வேலை முடித்து வந்தவர், "அங்க ஒரே அமைதி, பிடிக்கல" என்றார்.

நர்ஸ் இரண்டு வாரம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. நானே போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க நான் எடுத்துப்போன வார்த்தைகளை அவள் முடிக்க விடவில்லை.

"அண்ணன் யார்ட்டயும் சொல்லாதன்னு கையெடுத்துக் கும்பிட்டாவ. நான் என்ன செய்ய? நீங்க அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சத்தம் போட்டிருந்தா எம்பொழப்பு என்னாகும்க்கா? அத நெனச்சீயளா?"

நினைக்கவில்லை. நினைக்காதது மட்டுமில்லை, சத்தம் போடத்தான் போயிருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிப் பக்கம் போய், "காபி போடவா?" என்று கேட்டாள். இப்போது பழையபடி பேசுகிறோம். ஆனால் பேச்சில் எங்கோ ஒரு இடத்தை இரண்டு பேருமே தாண்டிப் போகிறோம்.

தியேட்டருக்கு அவர் வருவதில்லை; கருவியில் இடிச் சத்தம் தலைக்குள் இறங்குகிறதாம். வீட்டில் டிவியில், கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்க்கிறோம். அந்த எழுத்தில் பேச்சு மட்டுமில்லை, சத்தமும் வருகிறது. பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள், மேலே ஏதோ இழுபடுகிறது என்றெல்லாம் போடுகிறார்கள். காதால் கேட்டபோது சிரித்த மனிதர், இப்போது அதைப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்.

"யாரு மூச்சு விடுதா?" என்றார் ஒரு நாள்.

"தெரியல."

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

சொல்லத் தெரியாமல் நான் ஒரு தரம் மூச்சு விட்டுக் காட்டினேன். போதும் என்று கையைக் காட்டினார்.

என் குணம் மட்டும் மாறவில்லை. கருவிக்கு பேட்டரி ஒரு வாரம்தான் வரும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வருகிறது. நான் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அவர் கை காதோரம் போய் முடியைக் கோதுவதையும் பார்க்கிறேன். கருவியை அணைத்துவிடுகிறார் என்றுதான் தோன்றுகிறது. கேட்டால், இல்லை என்கிறார்.