குதிரைகள் நின்ற கோயில்

அக்கா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு அப்பா பிடித்த மண்டபம் முன்பு வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவர்களின், கோயிலாக இருந்தது. பலெர்மோவில் எங்கள் வீடு இருந்த அல்பெர்கேரியாவிலிருந்து நடந்தே போய்விடலாம், வாடகையும் குறைவு. மண்டபத்தைப் பார்க்கப் போன அன்று அப்பா என்னையும் கூட்டிப்போனார். மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் வேலை செய்த அவருடைய இத்தாலிய மொழி சமையலறைக்கு வெளியே அதிகம் உதவாது.

காவலாளிக் கிழவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பிச்சையெடுத்து வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவிகள் பல நூறு வருடங்களுக்கு முன் கட்டியது. பிறகு அரசாங்கம் அவர்களைத் துரத்திவிட்டுப் பட்டாளத்தைக் குடியேற்றியது. பீடம் இருந்த இடத்தில் குதிரைகளைக் கட்டினார்கள். அதன்பின் மரக்கிடங்கு. பெரிய யுத்தத்தில் குண்டு விழுந்து கூரை போய், நெடுங்காலம் வானம் பார்த்துக் கிடந்தது. நகரசபை திருத்தி இப்போது வாடகைக்கு விடுகிறது.

எனக்குக் குதிரைகள் பிடித்திருந்தன. அப்பாவுக்கு ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

“இப்ப கோயில் இல்லைத்தானே எண்டு கேள்.”

இல்லை என்றார் கிழவர். அப்பா இன்னொரு தடவை கேட்கச் சொன்னார்.

காரணம் சித்தப்பா. அவர் மன்னார் வேதக்காரப் பெண்ணைக் கட்டியவர். கலியாணத்தன்று அப்பா அது நடந்த கோயிலின் படி ஏறாமல், எதிரே மழையில் நின்றுவிட்டுத் திரும்பினாராம். அன்றோடு கதை பேச்சு இல்லை. பல்லாரோ சந்தையில் ஒரே மீன்காரனிடம் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு மீன் வாங்குவார்கள். சடங்குக்கு அம்மாதான் போய், மண்டபத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார். அப்பா அதைக் கேட்டும் கேளாதவர்போல இருந்தார்.

சடங்கன்று, பீடம் இருந்த வளைவின் கீழ் அக்காவுக்கு மணவறை; அதன் முன்னே பிள்ளையார், குத்துவிளக்கு. வாசலில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நான். சித்தியோடு வந்த சித்தப்பா அங்கேயே நின்றுவிட்டார். சித்தி மட்டும் கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே நடந்துபோய் விளக்கின் முன் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டார். யாரோ நாதஸ்வரப் பாட்டை நிறுத்தினார்கள்.

அப்பா கிட்டே போனார். “விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டே?” என்று மெல்லக் கேட்டார். கலியாணத்துக்குப் பிறகு சித்தியோடு அவர் கதைத்த முதல் வார்த்தை அதுதான்.

“வேண்டாம் அத்தான். குதிரை கட்டின இடம். விளக்கு எரிஞ்சால் நல்லதுதானே.”

 அப்பா வாசலுக்கு வந்து, என்னைத் தாண்டி, “ஏன் வெளியிலை நிக்கிறாய், வா உள்ளுக்கு,” என்றார். சித்தப்பா வந்தார். பாட்டு திரும்பத் தொடங்கியது.

சித்தி பிள்ளையாரைக் கும்பிட்டுச் சைவத்துக்கு மாறிவிட்டார் என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பெரியவர்கள் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தார்.

சாப்பாட்டுக்கு அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இருவரும் தலை நிமிரவில்லை. இடையில் அப்பா தன் தட்டிலிருந்த வடையை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தார். சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு சாப்பிட்டார். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கோபம் இன்னும் தீரவில்லை என்று கவலையோடு சொன்னேன்.