விழுப்புரத்துப் பூசையில் அப்பா

சாம்பிராணிப் புகை என்றால் தலை முழுகிய கூந்தலுக்குப் போடுவது என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு, விழுப்புரத்துக் கோயில் படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து குபுகுபுவென்று வந்த அந்த வாசனை பெருங்குழப்பமாக இருந்தது. இங்கே யார் தலை முழுகினார்கள் என்று அம்மாவின் காதில் கேட்டேன். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு மற்றப் பெண்களைப் பார்த்துவிட்டு அதே முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டாள். எங்கள் திண்டிவனத்துப் புராட்டஸ்டண்ட் கோயிலில் சுண்ணாம்பு வாசனையைத் தவிர வேறு வாசனை கிடையாது. சொரூபம் இல்லை, படம் இல்லை, சுவரில் மாட்டிய கடிகாரம் ஒன்றுதான் அலங்காரம். அதையும் எங்கள் சபைப் போதகரான 'ஐயர்' பிரசங்கம் பண்ணும்போது பார்க்கக் கூடாது.

யுத்தம் தொடங்கியிருந்த காலம் அது. எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், சபையில் மூப்பர். தாய் தகப்பன் இல்லாமல் அவர் தோளில் போட்டு வளர்த்த ஒரே தங்கை எஸ்தர் அத்தை, விழுப்புரம் ரயில்வேயில் எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேனாக இருந்த ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டு 'அந்த வேதத்துக்கு'ப் போய்விட்டாள். அன்றோடு அப்பா அவள் பேச்சையே விட்டார். இரவு ஜெபத்தில் சொந்தபந்தம் எல்லோரையும், நிலத் தகராறில் எங்களோடு ஜென்மப் பகையாக இருந்த சித்தப்பா உட்பட, பெயர் சொல்லி ஆண்டவர் கையில் ஒப்படைப்பவர், அத்தை பெயரை மட்டும் தாண்டிப் போவார். அந்த இடம் வரும்போது அம்மா லேசாகக் கனைப்பாள். அப்பாவுக்குக் காது கேட்காது.

அப்படியிருக்கையில் ஒருநாள் மாமா, அதாவது அத்தை புருஷன், வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு குழந்தைக்கு ஞானஸ்நானம், தாய்மாமன் இல்லாமல் பேர் வைக்க எஸ்தருக்கு மனசில்லை என்றார். அப்பா கை நீட்டவில்லை. தட்டை வாங்கியது அம்மா. அப்பாவுடைய சங்கடம் எனக்கே தெரியும்: பூசைக்குப் போகிறவரைச் சபை மூப்பராக வைத்திருக்காது. போகாவிட்டாலோ, வளர்த்த தங்கை அதோடு இல்லை என்று ஆகிவிடும்.

"நீங்க வர வேணாம். நானும் கொழந்தையும் போய்ட்டு வர்றோம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பெண்பிள்ளைகள் தனியாகப் போவதாவது என்று அப்பா ரயிலடி வரைக்கும் வந்தார். டிக்கெட் கொடுப்பவர் முன்னால் நின்றதும், விழுப்புரம் ரயிலடி வரைக்கும் வந்து விட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவதாகச் சொன்னார். மயிலம் தாண்டி, விக்கிரவாண்டி தாண்டி, முண்டியம்பாக்கமும் போயிற்று. மனிதர் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று அம்மா என்னிடம் சொல்வதுபோல் சொன்னாள். கடைசியில் கோயில் வாசல் வரைக்கும் என்று வந்து, வெயில் என்று சொல்லி உள்ளே வந்து, கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பூசை தொடங்கியது. ஜரிகை அங்கி போட்ட சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் எதையோ பாடினார். எல்லோரும் அர்த்தம் தெரிந்தவர்கள் மாதிரி பதில் பாடினார்கள். அவர்கள் முழங்காலிடும்போது நாங்கள் நின்றோம், நாங்கள் முழங்காலிடும்போது அவர்கள் எழுந்துவிட்டார்கள். பிரசங்கம் சுருக்கமாக முடிந்தது எனக்கு மிகவும் பிடித்தது. முன்வரிசையில் மடியில் குழந்தையோடு இருந்த அத்தை ஒரேயொரு தடவை திரும்பிக் கதவோரம் பார்த்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சின்ன மணியொன்று கணகணவென்று அடித்தது. எல்லாத் தலையும் குனிந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் சபையில் இப்படி அமைதி விழுந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: யாராவது மூப்பர் எழுந்து வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒருவரும் ஆரம்பிக்காவிட்டால் அது சபைக்கே வெட்கம். அந்த வெட்கத்தைப் பொறுக்காமல் முதலில் ஆரம்பிப்பது எப்போதும் அப்பாதான். அன்றும் கண்ணை மூடியிருந்தவருக்கு எந்தக் கோயிலில் நிற்கிறோம் என்பது மறந்துபோயிருக்க வேண்டும்.

"பரம பிதாவே" என்று பின்னாலிருந்து அவருடைய கணீர்க் குரல் எழும்பியது. "எங்க எஸ்தரையும், அவ புருஷனையும், அவ வயித்துல பொறந்த இந்தப் புள்ளயையும் உம்ம கையில குடுக்கறேன்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியார் மட்டும் திரும்பவில்லை. யாரோ ஒரு பெரியவர் ஓடிவந்து தோளைத் தட்ட, அப்பா கண்ணைத் திறந்தார். அம்மா முக்காட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். அத்தை குழந்தையைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஏன் என்று அப்போது தெரியாது.

ஞானஸ்நானம் முடிந்து வெளியே வந்ததும் அத்தை நேரே அப்பாவிடம் போய்க் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

"பூசையில அப்பிடிப் பேசக் கூடாதுண்ணா" என்றாள், சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும்.

"எம்மா நேரம் எல்லாரும் சும்மா இருந்துக்கினு இருந்தீங்க" என்றார் அப்பா. "யாராச்சும் ஒர்த்தர் ஆரம்பிக்க வேணாமா?"

சேதி எங்களுக்கு முன்பே திண்டிவனம் போய்ச் சேர்ந்திருந்தது. சபையில் விசாரித்தபோது அப்பா மழுப்பவில்லை. போனேன், ஜெபமும் பண்ணினேன் என்றார். மூப்பர் பதவி போயிற்று. அதுவரை பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், அதற்குப் பிறகு ஆண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கோயிலில் அப்பா மேல் சாய்ந்துகொண்டு பிரசங்கம் கேட்கும் பாக்கியம் மூப்பர் மகளாக இருந்தவரை எனக்கு வாய்க்கவில்லை. சபை அதைத் தண்டனை என்றது. நான் அப்படி நினைக்கவில்லை. அத்தையும் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் தவறாமல் ரயிலேறி வந்தார்கள். மாதா திருநாளுக்கு நாங்கள் போனோம்.

இப்போது பூசை தமிழில் நடக்கிறது. சாமியார் சனங்களைப் பார்த்து நிற்கிறார். எங்கள் ஐயர் அங்கே போய்ப் பிரசங்கம் பண்ணுகிறார், அவர்கள் சாமியார் இங்கே வந்து வாழ்த்துச் சொல்கிறார்; யாரும் யாரையும் விசாரிப்பதில்லை, பதவியும் போவதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நினைத்த நேரத்துக்குப் பஸ் இருக்கிறது. அப்பாவும் அத்தையும் இல்லை. அன்று ஞானஸ்நானம் வாங்கிய அந்தக் குழந்தை, கிழவனாகி, விழுப்புரத்தில்தான் இருக்கிறானாம். அவனும் நானும் பேசிப் பல வருஷம் ஆகிறது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை.